நாயைப் பழக்குவோர் கற்க வேண்டுவன

திருப்பதி நகருக்கு வடக்கே சேஷாசல மலைத்தொடர் பரந்து கிடக்கிறது. இம்மலைகளிலும் இவற்றை அடுத்துள்ள கடப்பை, நெல்லூர்ப் பகுதிக் குன்றுகளிலும் வளரும் செம்மரம் விலை மிக்கது. தெலுங்கு மக்கள் இதனை எர்ர சந்தனம் என்றும், தமிழ் மக்கள் செஞ்சந்தனம் என்றும் வழங்குவர். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர, உலகில் வேறெங்கும் இம்மரம் இயற்கையாகக் காடாக வளர்வதில்லை. மரம் வைரம் பாயப் பல பத்தாண்டுகள் ஆகும். வெட்டுவதற்கோ ஓர் இரவு போதும். ஆகவே, 1995ஆம் ஆண்டில் அருகிவரும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தில் செம்மரம் சேர்க்கப்பட்டது. 2010இல் சேஷாசல மலைப்பகுதி உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

எனினும் களவு நின்றபாடில்லை. வெட்டப்பட்ட கட்டைகள் திருப்பதி, சித்தூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலைகளில் சென்னையை நோக்கியும் பெங்களூருவை நோக்கியும் கடத்தப்படுகின்றன. அச்சாலைகளில் மாம்பழமும், மதனப்பள்ளிப் பக்கத்துத் தக்காளியும், வைக்கோலும் ஏற்றிய லாரிகள் இரவு பகலாகச் செல்கின்றன. சோதனைச் சாவடியில் நிற்கும் காவலர் ஒவ்வொரு லாரியின் சுமையையும் இறக்கிப் பார்த்தல் இயலாத செயல். கண் காணாத இத்தகைய இடத்தில் காணவல்ல கருவி ஒன்று உண்டு. அதுவே மோப்ப நாயின் மூக்கு.

ஆயின் மூக்கு மட்டும் போதாது. நாய் பேசுவதில்லை, அது காட்டும் குறிப்பை ஒரு மனிதர் உணர்ந்து சொல்ல வேண்டும். அம்மனிதரைப் பழக்குவது நாயைப் பழக்குவதினும் கடினமான பணி என்பதே இத்துறையில் தேர்ந்தவர்களின் அனுபவம்.

பயிற்சி நிலையங்கள்

காவல் துறையில் நாய்களைப் பயன்படுத்தும் முறை பெல்ஜியத்தின் கென்ட் நகரில் 1899இல் ஒழுங்குபடத் தொடங்கியது. இந்தியாவில் எல்லைக் காவற்படையின் தேசிய நாய்ப் பயிற்சி மையம் குவாலியருக்கு அருகிலுள்ள தேகன்பூரில் 1970ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. மத்திய ரிசர்வ் போலீஸ் படை 2011இல் பெங்களூருக்கு அருகே தரளு என்னுமிடத்தில் நாய்களை இனப்பெருக்கம் செய்து பழக்கும் பள்ளியை நிறுவியது. ஐதராபாத்தை அடுத்த மொயினாபாதிலுள்ள உளவுத் துறைப் பயிற்சிக் கழகத்திலும் காவல் நாய்களும் அவற்றின் பழக்குநர்களும் ஒருங்கே பயிற்சி பெறுகின்றனர்.

வனத் துறைக்கென இத்தகைய பயிற்சி 2008ஆம் ஆண்டில் தொடங்கியது. வனவிலங்கு வாணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் என்னும் அமைப்பு, உலக இயற்கை நிதியத்தின் இந்தியக் கிளையுடன் சேர்ந்து இத்திட்டத்தை நடத்துகிறது. போபாலிலுள்ள சிறப்பு ஆயுதப் படையின் 23ஆம் அணி, தேகன்பூர் மையம் முதலிய இடங்களில் பயிற்சி அளிக்கப்பட்டது. புலி, சிறுத்தை ஆகியவற்றின் தோல், எலும்பு, கரடிப் பித்தம், யானைத் தந்தம், செம்மரம் போன்ற பொருள்களின் மணத்தை நாய்கள் அங்கே பயில்கின்றன. ஆறு முதல் ஒன்பது மாத வயதுள்ள நாய்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன; பயிற்சி ஏழு முதல் ஒன்பது மாதங்கள் நீடிக்கும். ஒவ்வொரு நாய்க்கும் ஒருவர் முதன்மைப் பழக்குநராகவும் மற்றொருவர் துணைப் பழக்குநராகவும் அமர்த்தப்படுவர். இவர்கள் பெரும்பாலும் வனக் காவலர்கள். அதற்கு முன் நாயைத் தொழில் முறையில் கையாண்டு அறியாதவர்கள். இத்தகைய புதிய ஊழியர் ஒருவர் சேஷாசலம் போன்ற மலைப்பகுதியில் பணியாற்ற என்னென்ன கற்க வேண்டும் என்பது இங்கே விளக்கப்படுகிறது.

நாயின் மூக்கு

முதற்பாடம் மூக்கின் அமைப்பு. மணங்களை உணரும் ஏற்பிகளை உண்டாக்கும் மரபணுக்களில் செயல்படுபவை மனிதனுக்கு ஏறக்குறைய 400. நாய்க்கோ அதனைப் போல் இரு மடங்கு. மணத்தை உணரும் சவ்வின் பரப்பும் நாய்க்குப் பன்மடங்கு அதிகம். மேலும், நாய் மோப்பம் பிடிக்கும்போது காற்றை மூக்கின் முன்துளை வழியாக இழுத்து, பக்கவாட்டுப் பிளவுகள் வழியாக வெளியேற்றுகிறது. இதனால் வெளிவிடும் மூச்சு, முன்னேயுள்ள மணத்தைக் கலைப்பதில்லை. ஒரு விநாடியில் ஐந்து முறை வரை இவ்வாறு மோப்பம் பிடிக்க அதனால் இயலும்.

செம்மரம் சந்தனத்தைப் போல் மணக்கும் மரமன்று. அறுத்த கட்டையை மனிதர் முகர்ந்தால் குறிப்பிடத்தக்க மணம் ஏதும் தோன்றாது. ஆயினும் அதன் வைரப் பகுதியிலுள்ள சில வேதிப் பொருள்கள் மிகச் சிறு அளவில் காற்றில் கலக்கின்றன. நாய்க்கு அது போதும். இதிலிருந்து பயிலுநர் அறிய வேண்டுவது யாதெனில், தம் மூக்கிற்கு எட்டாத ஒன்றைப் பற்றியே நாய் தமக்குச் செய்தி சொல்லப்போகிறது என்பதாம். அச்செய்தியைச் சரிபார்க்கத் தம் புலன் உதவாது. ஆகவே, நாயின் உடலசைவை நன்கு கற்றல் ஒன்றே வழி.

பழக்குநரின் தகுதி

உரத்த குரலும் வலிய கையும் உடையவரே நாயைப் பழக்க வல்லவர் என்னும் எண்ணம் தவறானது. பொறுமையும், ஒரே செயலை நூறு முறை ஒரே விதமாகச் செய்யும் ஒழுங்கும், தம் தவற்றைத் தாமே ஒப்புக்கொள்ளும் நேர்மையும் வேண்டும். சினம் வந்தால் அன்றைய பயிற்சியை நிறுத்திவிடுதல் நலம். அடிபட்ட நாய் பழக்குநரின் முகத்தையே நோக்கும், மணத்தைத் தேடாது.

முதற்சில வாரங்களில் பயிலுநர் நாய்க்கு எதனையும் கற்பிப்பதில்லை. கூண்டைத் துப்புரவு செய்தல், உணவளித்தல், மயிரைச் சீவுதல், நடத்திச் செல்லுதல், விளையாடுதல் ஆகியவையே அவருடைய வேலை. இது வீண் காலம் அன்று. நாய் சலிப்புறும்போது காது எவ்வாறு சாயும், ஆவலுறும்போது வால் எவ்வளவு உயரும், ஐயுறும்போது மூச்சு எவ்வாறு மாறும் என்பன அப்போதுதான் அவருக்குப் புலனாகும். பின்னர் சோதனைச் சாவடியில் அவர் படிக்க வேண்டிய எழுத்துகள் இவையே.

பரிசும் அதன் காலமும்

ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ், உணவோடு தொடர்ந்து சேர்ந்துவரும் ஓர் ஒலி நாளடைவில் உணவைப் போலவே நாயின் வாயில் உமிழ்நீரை ஊறச் செய்யும் என்று காட்டினார். நற்பயன் தரும் செயலைப் பிராணி மீண்டும் மீண்டும் செய்யும் என்பதை அமெரிக்க உளவியலார் ஸ்கின்னர் தம் பரிசோதனைகளால் விளக்கினார். நாய்ப் பயிற்சி முழுவதும் இவ்விரண்டு கருத்துகளின் மேலேயே நிற்கிறது.

நாய்க்கு மிக விருப்பமான ஒரு பந்தோ, சுருட்டிய துணியோ பரிசாகத் தெரிந்தெடுக்கப்படுகிறது. அதனுடன் செம்மரத் துண்டு ஒன்றும் வைக்கப்படுகிறது. நாய் பந்தைத் தேடிச் செல்லும்போதெல்லாம் மரத்தின் மணத்தையும் சந்திக்கிறது. சில நாட்களில் மணம் இருக்குமிடத்தில் பந்து கிடைக்கும் என்று அது அறிந்துகொள்கிறது. பின்னர் பந்து மறைக்கப்படுவதில்லை. மரத்துண்டு மட்டும் வரிசையாக வைத்த பெட்டிகளுள் ஒன்றில் ஒளித்து வைக்கப்படுகிறது. நாய் சரியான பெட்டியருகே நின்று அமைதியாக உட்கார்ந்தவுடன் பழக்குநர் பந்தை அளிக்கிறார்.

இங்கே காலம் முக்கியம். உட்கார்ந்த அக்கணத்தில் பரிசு கிட்டினால் நாய் உட்காருவதைக் கற்கும். சில விநாடிகள் தாமதித்து, அது எழுந்து திரும்பிப் பார்த்தபின் பரிசு கிட்டினால், திரும்பிப் பார்ப்பதையே கற்கும். நாய் தவறாகக் கற்றது என்று சொல்லப்படும் பெரும்பாலான இடங்களில், அது கற்பிக்கப்பட்டதையே சரியாகக் கற்றிருக்கிறது.

கட்டளைச் சொல்லிலும் இவ்வொழுங்கு தேவை. சித்தூர் வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் வழங்குவதுண்டு. பழக்குநர் ஒரு நாள் 'உட்கார்' என்றும், மறுநாள் 'கூர்ச்சோ' என்றும் சொன்னால் மனிதர் இரண்டையும் ஒன்றெனக் கொள்வர். நாய்க்கோ அவை இருவேறு ஒலிகள். எந்த மொழியாயினும் தீங்கில்லை. முதன்மைப் பழக்குநரும் துணைப் பழக்குநரும் ஒரே சொல்லை ஒரே தொனியில் சொல்லுதல் வேண்டும்.

மணத்தைத் தனிப்படுத்தல்

புதியவர் ஒருவர் பத்து மரத்துண்டுகளை வெறுங்கையால் எடுத்து ஒளித்து வைக்கிறார் என்று கொள்வோம். நாய் பத்தையும் கண்டுபிடித்துவிடுகிறது. அவர் மகிழ்கிறார். ஆனால் நாய் தேடியது செம்மரத்தையா, அவர் கையின் வியர்வை மணத்தையா? இதனை அறிய ஒரே வழி, செம்மரம் இல்லாத பெட்டிகளிலும் அவர் கைபட்ட பொருள்களை வைத்துப் பார்ப்பதே. எனவே, மாதிரித் துண்டுகளைக் கையுறை அணிந்தே எடுத்தல் வேண்டும். தனித்தனிக் கண்ணாடிக் குப்பிகளில் மூடி வைத்தல் வேண்டும்.

இதைப் போலவே வேங்கை, தேக்கு, சந்தனம் முதலிய பிற மரத் துண்டுகளையும் வெற்றுப் பெட்டிகளையும் இடையிடையே வைத்தல் வேண்டும். வேங்கை செம்மரத்தின் இனத்தைச் சேர்ந்ததே. இரண்டையும் நாய் பிரித்தறியப் பழக வேண்டும். தக்காளி, வைக்கோல், டீசல், பெயின்ட் ஆகியவற்றின் மணங்களுக்கிடையிலும் தேடப் பழக்க வேண்டும். பிற மணங்களைக் கடந்து செல்வதும் மோப்ப நாயின் கல்வியே.

பழக்குநர் செய்யும் பிழை

இனி வருவது பயிற்சியின் மிக முக்கியமான பாடம். ஜெர்மனியில் ஹான்ஸ் என்னும் குதிரை ஒன்று கணக்குப் போடுவதாகப் பெரும்புகழ் பெற்றது. 'ஐந்தும் மூன்றும் எத்தனை?' என்று கேட்டால் குளம்பை எட்டு முறை தட்டும். 1907இல் ஆஸ்கார் பஃபுங்ஸ்ட் என்னும் ஆராய்ச்சியாளர் இதன் உண்மையை வெளிப்படுத்தினார். கேட்பவருக்கு விடை தெரியாதபோது குதிரைக்கும் விடை தெரியவில்லை. சரியான எண்ணிக்கை வந்தவுடன் கேட்பவர் தம்மையறியாமல் தலையைச் சிறிது அசைத்ததைக் கண்டே குதிரை நிறுத்தியது. குதிரையின் சொந்தக்காரர் ஏமாற்றுக்காரர் அல்லர். தாம் அசைந்ததை அவரும் அறியார்.

இதே பிழை மோப்ப நாய்களிடமும் நேருமா என்பதை அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பரிசோதித்து 2011இல் முடிவை வெளியிட்டனர். 18 நாய்களும் அவற்றின் பழக்குநர்களும் 144 முறை தேடினர். மணப்பொருள் எங்கும் வைக்கப்படவில்லை. ஆனால் வைக்கப்பட்டிருக்கலாம் என்று பழக்குநரிடம் சொல்லப்பட்டது. சில இடங்களில் சிவப்புக் காகிதம் ஒன்று அடையாளமாக ஒட்டப்பட்டது. 144 தேடல்களுள் 21இல் மட்டுமே நாய் எதையும் காட்டவில்லை என்று பழக்குநர்கள் சரியாக அறிவித்தனர். ஏனைய 123இலும் இல்லாத பொருள் இருப்பதாக அறிவிப்பு வந்தது. பழக்குநரின் நம்பிக்கையே முடிவைப் பெரிதும் மாற்றியது என்பது தெளிவு. வாரை இறுக்குதல், ஓரிடத்தில் சற்று நின்றுவிடுதல், மூச்சை அடக்குதல் ஆகிய சிறு குறிப்புகளும் நாய்க்குக் கட்டளை போலாகின்றன.

இதன் விளைவைச் சாவடியில் எண்ணிப் பார்க்க வேண்டும். ஓட்டுநர் ஒருவர் அஞ்சியவராகத் தோன்றுகிறார். அவர் லாரியில் கட்டை இருக்கும் என்று பழக்குநர் முன்னரே முடிவு செய்துவிடுகிறார். நாயும் அவ்விடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. சுமை முழுவதும் இறக்கப்படுகிறது; தக்காளி வெயிலில் அழுகுகிறது; குற்றமற்றவர் ஒரு நாள் கூலியையும் மதிப்பையும் இழக்கிறார். மாறாக, நாய் உண்மையாகக் காட்டிய குறிப்பைப் பழக்குநர் கவனியாவிடின், பல பத்தாண்டு வளர்ந்த மரம் கைவிட்டுப் போகிறது.

செம்மரக் களவு மனித உயிர்களையும் பலிகொண்டிருக்கிறது. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலக் காட்டில் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் 20 பேர் இறந்தனர். அவர்களுட் பலர் தமிழ்நாட்டு மலைக்கிராமங்களைச் சேர்ந்த கூலித் தொழிலாளர். காட்டினுள் ஆயுதத்தோடு எதிர்ப்படுவதைக் காட்டிலும், சாலையில் கட்டையைக் கண்டறிந்து அதன் வழியே கடத்தலை நடத்துவோரைத் தேடிச் செல்வது யாவர்க்கும் நன்று. அதற்கு நாயின் சாட்சி நம்பத் தக்கதாயிருத்தல் வேண்டும்.

பிழையைக் களையும் முறை எளியது. மரத்துண்டு எங்கே உள்ளது என்பதைப் பழக்குநர் அறியாதவாறு மற்றொருவர் ஒளித்து வைக்க வேண்டும். அடுத்த நிலையில், அவ்விடத்தில் உள்ள எவருமே அறியாதிருத்தல் வேண்டும். சில தேடல்களில் எதுவுமே வைக்கப்படாதிருத்தல் வேண்டும். அத்தகைய வெற்றுத் தேடலில் 'ஒன்றும் இல்லை' என்று துணிந்து சொல்லக் கற்ற பின்னரே பயிலுநர் தேர்ச்சி பெற்றவராவார்.

காற்றும் வெயிலும்

மணம் காற்றில் செல்வது. மலைச்சரிவில் இரவிலும் விடியற்காலையிலும் குளிர்ந்த காற்று கீழ்நோக்கி இறங்கும். வெயில் ஏறியபின் சூடான காற்று மேல்நோக்கி எழும். ஆகவே, காலையில் பள்ளத்தாக்கிலிருந்தும், பகலில் சரிவின் மேற்புறத்திலிருந்தும் தேடத் தொடங்குதல் பயன் தரும். ஒரு சிட்டிகைச் சாம்பலைத் தூவினால் காற்றின் திசை தெரிந்துவிடும். லாரியைச் சோதிக்கும்போதும் காற்று வெளிவரும் பக்கத்திலிருந்தே தொடங்கி, பின்கதவின் இடுக்கு, தார்ப்பாய் மடிப்பு ஆகியவற்றை நாய்க்குக் காட்ட வேண்டும்.

கோடையில் திருப்பதியில் வெப்பம் 40 பாகை செல்சியஸைக் கடக்கும் நாட்கள் உண்டு. நாய்க்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து இரைத்தே வெப்பத்தை வெளியேற்றுகிறது. இரைக்கும் நாய் நன்கு மோப்பம் பிடிக்க இயலாது. எனவே, சிறு பொழுது தேடியபின் நிழலில் இளைப்பாற விட வேண்டும். பழக்குநர் தம் புறங்கையைப் பாறையிலோ தார்ச்சாலையிலோ சில விநாடி வைத்துப் பார்த்து, சூடு பொறுக்கவில்லையெனில் நாயை அங்கே நடத்தலாகாது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை வரை. 41 பாகையை எட்டினால் உயிருக்கு ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடலை நீரால் நனைத்து, விசிறி, மருத்துவரிடம் சேர்ப்பித்தல் வேண்டும்.

உடல்நலமும் குறிப்பேடும்

காட்டில் திரியும் நாய்க்கு உண்ணியால் பெருந்தொல்லை உண்டு. உண்ணி பரப்பும் காய்ச்சலால் நாய் உணவை மறுக்கும், ஈறு வெளுக்கும், சில சமயம் மூக்கிலிருந்து குருதி வடியும். காட்டிலிருந்து திரும்பிய ஒவ்வொரு முறையும் காதின் உட்புறம், கால்விரல் இடுக்கு, கழுத்துப் பட்டையின் அடிப்புறம் ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி தவறாது போடப்பட வேண்டும். திருப்பதியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1955 முதல் இயங்கி வருகிறது. 2005இல் அங்கே ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகமும் அமைந்தது. மருத்துவ உதவி இவ்வளவு அண்மையில் இருந்தும், நோயின் முதற்குறியைக் காண்பவர் மருத்துவர் அல்லர். நாள்தோறும் உணவு வைக்கும் பழக்குநரே.

இவையனைத்தும் குறிப்பேட்டில் எழுதப்பட வேண்டும். தேதி, நேரம், காற்றின் திசை, வெப்பம், தேடிய இடம், நாய் காட்டிய குறி, அது சரியா தவறா என்பன ஒவ்வொரு நாளும் பதிவாக வேண்டும். வெற்றிகளை மட்டும் எழுதிய ஏடு பயனற்றது. எந்த நேரத்தில், எந்த மணத்திடையே நாய் பிழை செய்கிறது என்பதை அறிந்தாலன்றி அதனைத் திருத்த இயலாது. வழக்கு நீதிமன்றம் செல்லும்போதும், நாயின் திறமையை எடுத்துக்காட்ட அவ்வேடு துணை செய்யும்.

பயிற்சி முடிந்து ஊர் திரும்பும் வனக் காவலருக்கு நாய் ஏழெட்டு ஆண்டுகள் துணையாக இருக்கும். அக்காலமெல்லாம் வாரந்தோறும் பயிற்சி தொடர வேண்டும். விட்ட கல்வி மனிதரைப் போலவே நாய்க்கும் மறந்துபோகும். சாவடியில் ஓர் இரவு முழுவதும் நாற்பது லாரிகளைச் சுற்றி வந்தும் நாய் ஓரிடத்திலும் உட்காராமல் இருக்கக்கூடும். அன்று விடியற்காலையில் பழக்குநர் ஏட்டைத் திறந்து, 'நாற்பது வண்டிகள். செம்மரம் இல்லை' என்று எழுதிக் கையொப்பமிடுவார். அதனைத் தயங்காமல் எழுதக்கூடியவர் மற்றோர் இரவில் 'உண்டு' என்று எழுதும்போதுதான் அச்சொல்லைப் பிறர் நம்புவர்.